அக்கா வெளுத்த வெள்ளைச் சட்டை

மீஞ்சூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, வள்ளூரில் வாழ்க்கைப்பட்டு, எங்களையெல்லாம் கறை இல்லாமல் வைத்திருந்து மறைந்த எங்கள் அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

நான் ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனாலும் கும்மிடிப்பூண்டியில் இன்று எனக்குச் சொந்தமாக இரண்டு வெல்டிங் பட்டறைகள் ஓடுகின்றன. இதை எழுத ஆள் வைக்கலாம் என்றார்கள். என் அக்காவைப் பற்றி எழுத எனக்கு ஆள் எதற்கு?

அம்மா சீக்கிரம் போய்விட்டதால் அக்காதான் என்னை வளர்த்தார். அனல்மின் நிலைய வேலையில் அக்கா வீட்டுக்காரரான மாமாவின் சட்டையெல்லாம் சாம்பல். இரும்புக் கம்பெனி வேலையில் என் சட்டையெல்லாம் கிரீஸ். அக்கா சலித்ததே இல்லை. துருக்கறைக்கு எலுமிச்சையும் உப்பும் தேய்த்து வெயிலில் போடுவார். தேநீர் கொட்டினால் காய்வதற்குள் பச்சைத் தண்ணீரில் அலசுவார். தெருவே வந்து கேட்டுப் போகும்.

எனக்குப் பெண் பார்த்த நாளில், அரை நாள் வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று புது வெள்ளைச் சட்டையோடு கம்பெனிக்குப் போனேன். மெஷின் நின்றுவிட்டது. அந்தக் காலத்தில் நான் கை வைத்தால்தான் அது ஓடும். ஓட வைத்தேன். நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்குக் கிரீஸ்!

அப்படியே, அக்கா காத்திருந்த பெண் வீட்டுக்குப் போய் நின்றேன். பெண்ணின் அப்பா நெல் விவசாயி. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கம்பெனிக்காரனுக்குக் குடுத்தா எம்பொண்ணு காலம் பூரா கறை தொவைச்சிக்கினே கெடக்கணும். வேணாம்மா."

கதவோரம் எட்டிப் பார்த்த பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது. அக்கா அசரவே இல்லை.

"கழட்றா சட்டைய" என்று என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப் போனார். நான் அவசரமாக வாளியைத் தூக்கினேன். "தண்ணி ஊத்தாதடா! மொதல்ல எண்ணெய். யாராச்சும் தேங்காண்ணெ குடுங்கம்மா."

பெண்ணே கிண்ணத்தோடு வந்தாள். துண்டைப் போர்த்திக்கொண்டு நின்ற என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினாள்.

"இன்னா அண்ணி, கறைக்குப் போய் எண்ணெய்யா?"

அக்கா தேய்ப்பதை நிறுத்தினார். வீட்டுக்குள் கேட்கும்படி கத்தினார்: "மாமா! உங்க பொண்ணு என்னை அண்ணின்னுட்டா. தட்டு மாத்த வெத்தல பாக்கு எடுங்க!"

பெண் உள்ளே ஓடிவிட்டாள். கிரீஸ் எண்ணெயில் இளகியதும், சோப்பு போட்டுச் சுடுதண்ணீரில் அலசினார். ஈரச் சட்டையோடு நான் உள்ளே போனபோது மாமனாரும் சிரித்துக்கொண்டிருந்தார். என் அழகைப் பார்த்துத்தான் சம்மதித்தாள் என்று இன்றும் சொல்கிறேன். மனைவி ஒப்புக்கொள்வதில்லை.

கடைசி நாட்களில் அக்காவுக்கு நான் ரசம் சோறு ஊட்டும்போது கை தவறி என் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. அந்த நிலையிலும், "மஞ்சக் கறைடா. சோப்பு போட்டு வெயில்ல போடு" என்றார். அவர் போன பிறகு அந்தச் சட்டையை அப்படியே பீரோவில் வைத்தேன். போன மாதம் பார்த்தால் அது கொடியில் காய்கிறது.

"யாரைக் கேட்டுத் தொவைச்ச?" என்று மனைவியிடம் பாய்ந்தேன்.

"அண்ணி சொன்னது என் காதுலயும் உழுந்துச்சு. நீ செய்யல, நான் செஞ்சேன்."

சட்டை பளிச்சென்று இருந்தது.

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், இரவு பகல் பாராமல் உடனிருந்த வள்ளூர்த் தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் இன்று வாசலில் நிற்கிறேன். எல்லோரும் சாப்பிட்டுத்தான் போக வேண்டும். சாம்பார் கொட்டினால் கவலை வேண்டாம். சோப்பு இருக்கிறது, வெயில் இருக்கிறது, என் மனைவியும் இருக்கிறாள்.