கொடியில் காய்ந்த சாம்பல் நிறச் சட்டை

எங்கள் தெருவில் எந்த வீட்டு வாசலில் நின்று ஆண்பிள்ளையைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: ஷிப்ட். ஓட்டுக் கேட்டு வந்தவருக்கும் அதுதான், தவணை கேட்டு வந்தவருக்கும் அதுதான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய தெரு இது. பாதி ஆண்கள் இரவில் வேலைக்குப் போய்ப் பகலில் தூங்குகிறவர்கள் என்பதால் யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை.

என் கணவரும் பல வருடங்களாக ஷிப்ட்டில்தான் இருந்தார். உண்மையில் அவர் ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் வேறொரு பெண்ணோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார். மகள் தவழ ஆரம்பித்த சமயத்தில் லாரி எடுத்துக்கொண்டு போனவர், லாரியை மட்டும் முதலாளிக்குத் திருப்பி அனுப்பினார்.

ஷிப்ட் கதையைத் தொடங்கி வைத்தவர் எதிர் வீட்டு அக்கா. ஒரு கல்யாணப் பந்தியில் வெளியூர்க்காரி ஒருத்தி, "உங்க ஊட்டுக்காரர் வர்லியா?" என்று என்னைக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், "அவரு ஷிப்ட்டுக்குப் போய்க்கீறாரு" என்று அக்கா சொல்லிவிட்டு, சாம்பார்காரரை என் இலைக்குக் கூப்பிட்டார். எனக்கு அழுகை வந்தது, நன்றியில். அன்றிலிருந்து தெரு முழுக்க அதையே பிடித்துக்கொண்டது. ரேஷன் கடையிலும், பள்ளிக்கூடத்திலும், கோயில் திருவிழாவிலும் என் கணவர் ஷிப்ட்டில் இருந்தார். அவ்வளவு ஷிப்ட் பார்த்த ஆளுக்குக் கம்பெனி ஒரு தங்கப்பதக்கமே கொடுத்திருக்க வேண்டும்.

வேலைக்குப் போனது நான்தான். ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளி. ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே சீருடை: சாம்பல் நிற அரைக்கைச் சட்டை. சுடிதாருக்கு மேல் அதைப் போட்டுக்கொள்வேன். மத்தியான ஷிப்ட் வரும் வாரங்களில் மகளை அக்கா பார்த்துக்கொள்வார். அக்காவும் வேறொரு கம்பெனிக்குப் போகிறவர். இரண்டு பேருக்கும் ஒரே ஷிப்ட் விழுந்துவிட்டால் மூன்றாவது படிக்கும் பெண் வீட்டுக்குள் தனியாகத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யார் தட்டினாலும் திறக்கக்கூடாது, "அப்பா தூங்குறாரு" என்று உள்ளே இருந்தே சொல்ல வேண்டும் என்று பழக்கி வைத்திருந்தேன். கம்பெனியில் அட்டைப்பெட்டிகளை ஒட்டிக்கொண்டு நிற்கும்போது அந்தக் கதவுதான் என் கண்ணுக்குள் நிற்கும்.

அப்போதுதான் மகள் படிக்கும் பள்ளிக்குச் சத்துணவு அமைப்பாளர் வேலைக்கு ஆள் எடுப்பதாக அறிவிப்பு வந்தது. காலையில் மகளோடு போய் மாலையில் மகளோடு திரும்பும் வேலை. நான் பன்னிரண்டாவது பாஸ். கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு முன்னுரிமை உண்டு, அதற்குத் தாசில்தாரின் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். வாழ்க்கையில் நான் எதற்கும் அப்படி ஆசைப்பட்டதில்லை. அன்றைக்கே இ-சேவை மையத்துக்குப் போய் விண்ணப்பித்தேன். கிராம நிர்வாக அலுவலர் தெருவுக்கு வந்து அக்கம்பக்கத்தில் விசாரிப்பார் என்றார்கள். விசாரிக்கட்டுமே, என் கதை தெரியாதவர் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று அலட்சியமாக இருந்துவிட்டேன்.

அவர் வந்த அன்று நான் நிஜமாகவே ஷிப்ட்டில் இருந்தேன். சில நாள் கழித்துக் கைபேசிக்குச் செய்தி வந்தது: விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கணவருடன் வசிக்கிறார்.

நேராக அவருடைய அலுவலகத்துக்குப் போய்ச் சண்டை போட்டேன். இளவயதுக்காரர், பொறுமைசாலி. "நாலு வீட்டுல கேட்டேன்மா. நாலு பேரும் ஷிப்ட்டுக்குப் போயிருக்காருன்னாங்க. அவர் சட்டை கொடியில காயுது, என் கண்ணால பார்த்தேன்" என்றார்.

"அது என் சட்டை சார்."

அவர் என்னை நம்பவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் நாலு பேர் வாய்ச்சொல்லுக்கு எதிராக ஒரு சட்டையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? கேட்டதையும் பார்த்ததையும் எழுதியிருந்தார். மேலே முறையிடுங்கள் என்று வழி சொல்லி அனுப்பினார்.

எனக்கு வந்த கோபம் முழுக்க எதிர் வீட்டுக்குப் போயிற்று. அக்கா வாசல் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா அக்கா இப்பிடிப் பண்ணிட்ட? அவரு ஆபீசருன்னு தெரியுமில்ல?"

"தெரியும்டி. அதனாலதான் சொன்னேன். ஃபைல் வெச்சிக்கினு நிக்கிறான், யாரோ எவனோ. அவங்கிட்ட போயி, புருசன் இவள உட்டுட்டு பூட்டான்னு சொல்லச் சொல்றியா? என் வாயில வருமா அது?"

"வரணும் அக்கா. இல்லாட்டி என் பொண்ணு கதவச் சாத்திக்கினேதான் வளரும்."

குடம் நிரம்பி வழிந்தது. அக்கா குழாயை மூடவில்லை. என்னைத் தாங்கிப் பிடிப்பதாக நினைத்துத்தான் அத்தனை வருடமும் அந்தப் பெண்கள் பொய் சொன்னார்கள். சொந்தத் துக்கத்தைக்கூட வெளியாள் முன்னால் விட்டுக்கொடுக்காத தெரு இது. அது எனக்கும் தெரியும், அதனால் மேற்கொண்டு திட்ட முடியவில்லை. கடைசியில் அக்காவே கேட்டார்: "எங்க வந்து சொல்லணும்? சொல்லு, வர்றேன்."

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்குத் திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்குக் கிளம்பினோம். ஒரே மாவட்டம்தான். ஆனால் ரயிலில் போவதென்றால் சென்னை வரை இறங்கி, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, மறுபடி மேலே ஏற வேண்டும். வழியெல்லாம் அக்கா அந்த ஒரு வாக்கியத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "அவரு இவள உட்டுட்டு போய்ட்டாரு." கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்ப்பார். "அவரு இன்னா அவரு, பேமானி. அவன் உட்டுட்டு பூட்டான்." ஆவடி தாண்டுவதற்குள் என் கணவருக்கு இருந்த மரியாதையெல்லாம் இறங்கிவிட்டது. அத்தனை கவலையிலும் நான் சிரித்தேன்.

கூடத்தில் எங்கள் முறை வந்தபோது, மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி என் மனுவைப் படித்து முடிக்கும்வரை அக்காவால் பொறுக்க முடியவில்லை. "நான்தான் சார் பொய் சொன்னேன். இவ புருசன் இவள உட்டுட்டு பூட்டான். ஊருக்கே தெரியும். மானத்துக்கு பயந்துகினு சொல்லல" என்றார். பக்கத்து வரிசைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் முகம் எரிந்தது. ஆனால் தலை குனியவில்லை. மறுவிசாரணைக்கு உத்தரவாயிற்று.

இந்த முறை வந்தவர் வருவாய் ஆய்வாளர், ஒரு நடுத்தர வயது மேடம். நான் காலை ஷிப்ட் முடித்துத் தெருவுக்குள் நுழையும்போது அவர் என் வாசலில் நின்றுகொண்டிருந்தார். யாரும் கூப்பிடாமலே தெருப் பெண்கள் வந்து கூடிவிட்டார்கள். மேடம் ஒவ்வொருவராகக் கேட்டார். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். என் வாசலில், என் காது கேட்க, என்னை ஒருத்தன் விட்டுப்போன கதை. முதல் ஆள் சொன்னபோது எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது. பிறகு, அவன் போன பின்னால் நான் எந்தெந்தக் கம்பெனியில் வேலை பார்த்தேன், எப்படிக் கூரையை மாற்றி ஷீட் போட்டேன், யார் வீட்டுப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் துணைக்குப் படுத்தேன் என்று மேடம் கேட்காததையெல்லாம் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். இவ்வளவையும் இவர்கள் பார்த்துக்கொண்டா இருந்தார்கள் என்று திகைப்பாக இருந்தது. என் வாழ்க்கையை நினைத்து நான் முதன்முதலாகப் பெருமைப்பட்டது அந்த வாசலில்தான்.

மேடம் நிமிர்ந்து கொடியைப் பார்த்தார். "ஆண் சட்டை காயுதுன்னு போன தடவை எழுதியிருக்காங்களே. இப்பவும் தொங்குதே?"

"தோ, அதோட ஜோடியப் போட்டுக்கினு நிக்குது பாருங்க" என்று அக்கா என்னைக் காட்டினார். மேடம் கொடியைப் பார்த்தார், பிறகு என் தோளைப் பார்த்தார். ஒரே நிறம், ஒரே அரைக்கை. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் என் மகளிடம் குனிந்தார். "உங்க அப்பா எங்கம்மா?"

அவளை மட்டும் நான் தயார்படுத்தவில்லை. யார் தட்டினாலும் சொல்லச் சொல்லி நானே பழக்கிய பதில் அவள் நாக்கில் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். "நெஜத்த சொல்லு கண்ணு" என்றேன்.

"அப்பா தூங்குறாருன்னு சொல்லணும்" என்றாள். "ஆனா உள்ள யாரும் கெடயாது. நான் மட்டும்தான் இருப்பேன்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மேடம் அதற்குமேல் யாரையும் எதுவும் கேட்கவில்லை. நின்றபடியே எழுதி முடித்து, மகளின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

சான்றிதழ் வந்தது. நேர்காணலுக்கு அந்தச் சாம்பல் நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டே போகலாமா என்று வீம்பாக ஒரு யோசனை வந்தது. அக்கா திட்டித் தன் பட்டுப்புடவையைக் கொடுத்து அனுப்பினார். வேலையும் கிடைத்தது.

இப்போது பள்ளிச் சமையல்கூடத்தில் அரிசியும் பருப்பும் அளந்து கொடுக்கிறேன். மகள் தட்டோடு வரிசையில் நிற்கும்போது, கூடுதலாக ஒரு முட்டை கிடைக்குமா என்று கண்ணால் கேட்பாள். கிடைக்காது என்று நானும் கண்ணாலேயே சொல்லுவேன்.

வேலையில் சேர்ந்த முதல் வாரம். ஒரு மாலை இரண்டு பேரும் பள்ளியிலிருந்து வந்து, நான் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தேன். யாரோ கதவைத் தட்டினார்கள். பழக்கத்தில், திறக்காதே என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் ஓடிப்போய்த் தாழ்ப்பாளை இழுத்துக் கதவை அகலத் திறந்தாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர்.

"ஊட்ல அப்பா கீறாரா பாப்பா?"

"அம்மா கீறாங்க" என்றாள். "உள்ள வாங்க."