முதலில் சாட்சி சொன்னவன்

போதகராவதற்கு வேதசாஸ்திரம் படிக்கப் போனபோது எனக்குக் கடவுளின் அழைப்பு என்று ஒன்றும் வந்திருக்கவில்லை. இதைச் சொல்ல இப்போது கூச்சமில்லை. கூச்சப்பட வேண்டியது இதற்கு அப்புறம்தான் இருக்கிறது.

அப்பா சித்திரபுரத்தில் மின்சார இலாகாவில் குமாஸ்தா. பள்ளிப் படிப்பு முடிந்ததும் என்னையும் அதே இலாகாவில் நுழைத்துவிடப் பார்த்தார். இரண்டு தடவை மனுப் போட்டும் நடக்கவில்லை. அப்புறம்தான் அவருக்கு ஊழியம் என்ற ஒன்று ஞாபகம் வந்தது. எங்கள் சபைப் போதகர், ஐயர் என்றுதான் கூப்பிடுவோம், சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்தார். நல்ல மனுஷர், என்னை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. இலாகாக் குவார்ட்டர்ஸ்காரர்கள் எல்லாரும் கூடி, சாயாவும் கேக்கும் வைத்து, கழுத்தில் மாலை போட்டு என்னை பஸ் ஏற்றினார்கள். நான் திரும்பி வந்தால் அப்பா அந்தக் குவார்ட்டர்ஸில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

கல்லூரி கஞ்சிக்கோடு என்ற ஊரைத் தாண்டி, கோயம்புத்தூர் ரோட்டிலிருந்து ஒரு மைல் உள்ளே இருந்தது. அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. அந்தப் பக்கம் அப்போது பேக்டரி என்று எதுவும் வந்திருக்கவில்லை. சுற்றிலும் பனைமரம், கணவாய்க் காற்று, காற்றோடு வருகிற மண். சோற்றிலும் மண், பாயிலும் மண். மலைக் குளிரில் வளர்ந்தவனுக்கு முதல் நாளே மூக்கில் ரத்தம் வந்தது.

புதிதாக வந்த பன்னிரண்டு பேருக்கும் முதல் ஒரு வாரம் வகுப்பு கிடையாது. அதற்கு வரவேற்பு வாரம் என்று பெயர். தட்டும் டம்ளரும் கொடுப்பார்கள், நூலகத்தைக் காட்டுவார்கள், எந்த மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்று சொல்வார்கள். அதெல்லாம் சும்மா. உண்மையான காரியம் புதன்கிழமை ஆரம்பிக்கும். ஒவ்வொருவரும் சிற்றாலயத்தில் எல்லா ஆசிரியர்களுக்கும் மூத்த மாணவர்களுக்கும் முன்னால் நின்று, கடவுள் தன்னை எப்படி அழைத்தார் என்று சாட்சி சொல்ல வேண்டும். சனிக்கிழமை காலையில் முதல்வர் தேறியவர்களின் பட்டியலை வாசிப்பார். யாருடைய அழைப்பு தெளிவாக இல்லையோ அவர்கள் ஊருக்குப் போய் ஒரு வருஷம் காத்திருந்து வரவேண்டும். அப்படிப் போனவர்களில் யாரும் திரும்பி வந்ததில்லை என்று மூத்தவர்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

சாட்சி சொல்வதில் வயதில் இளையவன்தான் முதலில். அந்த வருஷம் இளையவன் நான்.

என் அறையில் இருந்தவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். சக்குபள்ளத்துக்குப் பக்கத்தில் ஏலத்தோட்டத்துக் கூலிக் குடியிருப்பான லயத்திலிருந்து வந்தவர். அவருடைய அப்பா அம்மா இருவரும் கம்பத்திலிருந்து கூலி வேலைக்கு மலையேறியவர்கள். நான் அவரை அண்ணே என்றேன், அவர் என்னைத் தம்பி என்றார். முதல் நாள் என் மூக்கைப் பிடித்துத் தலையை நிமிர்த்தி, ஈரத்துணி போட்டவர் அவர்தான். இருவரும் மலைக்காரர்கள் என்பதால் ஒட்டிக்கொண்டோம்.

செவ்வாய்க்கிழமை எங்கள் இருவரையும் சமையல்கட்டுக்கு அனுப்பினார்கள். சமையல் செய்த அக்கா பக்கத்து ஊர்க்காரி. ஒரு கூடை சின்ன வெங்காயத்தை எங்கள் முன்னால் கொட்டினாள். பத்து உரிப்பதற்குள் எனக்குக் கண்ணில் தாரை தாரையாக வந்தது.

"ஏனுங்க தம்பி, இன்னும் படிப்பே ஆரம்பிக்கல, அதுக்குள்ள அழுவறீங்க. வெங்காயத்துக்கே இப்பிடின்னா சாவு ஊட்டுக்குப் போனா என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

அந்தப் பேச்சில்தான் அண்ணன் தன் கதையைச் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்.

"மூணு வருசத்துக்கு முந்தி, ஆடி மழை. எங்க லயத்துல ஒரு அண்ணன் காய்ச்சல்ல செத்துப்போனாரு. ஆத்துல தண்ணி. ஐயரு அக்கரையில மாட்டிக்கிட்டாரு. ரெண்டு நாளு பாத்தோம். அதுக்கு மேல வச்சுக்கிட்டு இருக்க முடியுமா? லயத்துல வாசிக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். என்னய நிக்க வச்சுட்டாக. வேதத்தத் தொறந்தா வம்ச வரிசை. இன்னாரு மகன் இன்னாரு, அவரு மகன் இன்னாருன்னு வெறும் பேரு. மழையில தாளு ஒட்டிக்கிட்டுத் திருப்பவும் முடியல. சரின்னு அதையே வாசிச்சேன். முடிக்கவும் அவரு சம்சாரம் கேட்டுச்சு, 'இதுல எங்க வீட்டுக்காரரு பேரு இருக்கா தம்பி'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'இருக்குக்கா'ன்னேன். திரும்ப மொதல்ல இருந்து வாசிச்சேன். நடுவுல அவரு பேரையும், அவரு அப்பா பேரையும் சேத்து வாசிச்சேன். அது கேட்டுக்கிட்டுத் தலைய ஆட்டுச்சு. வேதத்துல இல்லாதத வாசிச்சிட்டோமேன்னு எனக்கு ஒரு பயம். ஆனா இதுதான் நமக்கு வேலைன்னும் தோணிருச்சு. அன்னிக்கு நான் செஞ்சது சரியா தப்பா, படிச்சுத் தெரிஞ்சுக்கலாம்னுதான் வந்தேன்."

அவர் இறந்தவரின் பெயரையும் சொன்னார். அது என் காதில் விழுந்தது, மனதில் தங்கவில்லை. சமையல் அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் அடுத்த நாளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை என்னைக் கூப்பிட்டபோது கையில் ஒரு காகிதம் வைத்திருந்தேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு ஜெபத்தில் நாட்டம் என்று ஆரம்பித்து எட்டு வரி. முதல் வரியைச் சொன்னதுமே பின்வரிசையில் ஒருவன் கொட்டாவி விட்டான். ஆசிரியர்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு அப்பாவின் முகம் ஞாபகம் வந்தது. காகிதத்தை மடித்தேன். "எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு ஆடி மழையில்" என்று ஆரம்பித்தேன்.

யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. யோசிக்காமல் செய்தேன் என்றாலும் பொய். இரண்டாவது வாக்கியத்திலேயே நிறுத்தியிருக்கலாம். மூன்றாவதில் நிறுத்தியிருக்கலாம். சபை என்னையே பார்த்தது, கொட்டாவி விட்டவன் முன்னால் குனிந்து உட்கார்ந்தான், எனக்கு வாய் ஓடியது. ஏலத்தோட்டத்தைத் தேயிலைத் தோட்டமாக்கினேன். ஆற்றைப் பெரிசாக்கினேன். இறந்தவர் பெயர் வரவேண்டிய இடத்தில் பெயர் வரவில்லை. ஒரு கணம் தடுமாறி, வாயில் வந்த ஏதோ ஒரு பெயரைச் சொன்னேன். அந்தத் தடுமாற்றத்தைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அண்ணனுக்கு இருந்த அந்தப் பயத்தை மட்டும் விட்டுவிட்டேன். அது எனக்கு உதவாது என்று பட்டது.

அவர் இரண்டாவது வரிசையில் இருந்தார். ஆரம்பத்தில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தரையைப் பார்த்தார்.

மத்தியானம் சாப்பாட்டில் எல்லாருக்கும் அதே பேச்சு. பேர்வரிசையை வாசித்து அடக்கம் பண்ணினானாம், சின்னப் பையன், என்று. பரிமாறிக்கொண்டு வந்த அக்கா என் தட்டுக்கு முன்னால் நின்றாள்.

"ஏனுங்க, அது அந்தப் பெரிய தம்பி சொன்னதில்லீங்களா?" என்று மெல்லக் கேட்டாள்.

"எங்க பக்கம் அப்படி நிறைய நடக்கும்க்கா" என்றேன்.

என்ன பதில் பாருங்கள். மலை முழுக்க ஆளாளுக்கு வம்ச வரிசை வாசித்து அடக்கம் பண்ணுகிறார்களாம். அவள் அடுத்த தட்டுக்குப் போனாள். அதற்கப்புறம் அங்கே படித்த காலம் முழுக்க என்னைத் தம்பி என்று அவள் கூப்பிடவில்லை.

அறையில் அண்ணன் என்னைப் பிடித்து இரண்டு அறை விடுவார் என்று எதிர்பார்த்தேன். விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். "நல்லாச் சொன்ன தம்பி" என்றார். குரலில் குத்தல் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் போர்வையைச் சரிசெய்வது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எல்லாரிலும் வயதில் மூத்தவர் என்பதால் அவருடைய முறை கடைசியாக, வெள்ளிக்கிழமை வந்தது. நடுவில் முழுதாக ஒரு நாளுக்கு மேல் இருந்தது. முதல்வரை நாங்கள் அச்சன் என்போம், மலையாளி, தமிழ் புரியும். வியாழக்கிழமை அவருடைய ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். சொல்லிவிடத்தான் போனேன். இதையாவது நம்புங்கள். என்னைக் கண்டதும் அவர் எழுந்து வந்து தோளில் கை போட்டார்.

"நீ சொன்னது கேட்டு எனக்கு உறக்கம் வந்நில்லா. வேதத்தில் இல்லாத பேர் வாசிச்சது தெற்றல்ல, சரிதன்னே. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாடம் நீ வாசிக்கணும், கேட்டோ?"

சரி அச்சா என்றேன். வேறு என்ன சொல்ல வந்தேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வெளியே வந்து கிணற்றடியில் முகம் கழுவினேன். எனக்கு அழுகை வந்தது, கூடவே சந்தோஷமும் வந்தது. அந்தச் சந்தோஷத்தை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை அண்ணன் எழுந்து நின்றார். அந்தக் கதையைச் சொன்னால் நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னதாகிவிடும். தன்னுடையது என்று சொன்னால் நான் தொலைந்தேன். இரண்டையும் அவர் செய்யவில்லை. "எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லங்கய்யா. படிக்கணும்னு ஆசையா இருக்கு, அம்புட்டுத்தான்" என்றார். அழைப்பு என்று எதுவும் இல்லையா என்று ஒரு ஆசிரியர் இரண்டு தடவை கேட்டார். இருந்துச்சு, சொல்ல வரல, என்றார். எனக்கு இரண்டாள் தள்ளித்தான் நின்றார். நான் எழுந்து நாலு வார்த்தை சொன்னால் போதும். நான் எழவில்லை.

சனிக்கிழமை பட்டியலில் பதினொரு பேர்.

அண்ணன் பெட்டியைக் கட்டி, கல்லூரியில் கொடுத்த தட்டையும் டம்ளரையும் கழுவிச் சமையல்கட்டில் திருப்பிக் கொடுத்தார். ரோடு வரைக்கும் நான் கூடப் போனேன். "அடுத்த வருஷம் வந்துருவீங்க அண்ணே" என்றேன். "பாப்போம்" என்றார். காற்றில் வேட்டி பறக்க அவர் பஸ் ஏறினதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த வருஷம் அவர் வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, கோடை விடுமுறையில் பயிற்சி ஊழியத்துக்கு என்னைச் சக்குபள்ளத்துப் பக்கம் அனுப்பினார்கள். வேறு இடம் கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அண்ணன் பஸ்ஸுக்கே வந்து காத்திருந்தார். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் தீ பார்க்கிற வேலை அவருக்கு. மழைக்காலத்தில் யாராவது இறந்தால் இப்போதும் அவர்தான் வாசிக்கிறார் என்று லயத்தில் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஸ்டோரிலேயே ஆராதனை. சணல் சாக்கை விரித்து நாற்பது பேர் உட்கார்ந்தார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாளைக் காட்டி, "அன்னிக்குப் பேரு இருக்கான்னு கேட்ட அக்கா இதுதான்" என்று அவர் என் காதில் சொன்னார். அதற்குள் அந்தச் சாட்சியை ஏழெட்டு சபைகளில் சொல்லியிருந்தேன். எங்கே போனாலும் அதைத்தான் சொல்லச் சொல்வார்கள். அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. விதைப்பு அறுப்பு என்று எதையோ முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, தலை வலிக்கிறது என்று சொல்லி அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பினேன்.

ரோட்டில் நிற்கும்போது அவர் கேட்டார். "தம்பி, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கு நான் வாசிச்சது சரியா தப்பா? உங்க காலேஜுல என்ன சொன்னாக?"

அச்சன் சொன்னதைச் சொன்னேன். தப்பில்லை, சரிதான் என்றார் என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அம்புட்டுப் பெரிய மனுசரே சொல்லிட்டாரா. அது போதும் தம்பி, அதுக்குத்தான நான் வந்தேன்" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

பஸ் வளைவில் திரும்பியது. என் பெட்டியை எடுத்துக் கொடுத்தபடி, "செத்துப்போன அண்ணன் பேர மட்டும் நீ மாத்திச் சொல்லிட்ட. அக்கா முன்னால இன்னிக்குச் சொல்லியிருந்தீன்னா அதுவே திருத்தி விட்டிருக்கும்" என்றார்.

என்ன பெயர் என்று அவரிடமே கேட்டிருக்கலாம், பஸ் நிற்க நேரமிருந்தது. கேட்டால், திருடினேன் என்று என் வாயால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயந்தேன். ஏறி உட்கார்ந்துவிட்டேன். நான் பட்டம் பெற்று, அங்கி போட்டு, ஓய்வும் பெற்றாயிற்று. அந்தச் சாட்சியை எத்தனை மேடையில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அத்தனை மேடையிலும் அந்த மனிதரை வேறு யாரோ ஒருவருடைய பெயரில்தான் அடக்கம் செய்தேன்.