முயல் கொட்டகைக்கு எதிரே ஒரு சரவெடி

ரூபியின் ஆராய்ச்சியைக் கெடுத்தது அவள் அப்பாதான் என்று உப்பளம் பகுதியில் அந்தத் தெருவே சொல்லிச் சிரித்தது. தேவதாஸ் பிரெஞ்சுப் பட்டாளத்தில் பென்ஷன் வாங்கிய சொல்தா, அதாவது சிப்பாய். பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை பதினான்கு காலையில், கோட்டில் மெடல் குத்திக்கொண்டு அணிவகுப்புக்குக் கிளம்பும் முன் வாசலில் சரவெடி வைப்பார். எதிர்ச் சுவருக்கு அந்தப் பக்கம், ரூபி ஆராய்ச்சி செய்த கல்லூரியின் முயல் கொட்டகை.

பயத்தில் சுரக்கும் ஹார்மோனை ஊசியில் ஏற்றினால் முயலின் கொழுப்பு கரைந்து, கொழுப்பு அமிலமாக ரத்தத்தில் கலக்கும். அதை அளப்பதுதான் அவள் வேலை. ஒப்பிட்டுப் பார்க்கச் சில முயல்களுக்கு வெறும் உப்புத் தண்ணீர் ஊசி. கல்லூரிக்கு விடுமுறை இல்லையே என்று ஊசி போடப் பதினான்காம் தேதியையே குறித்துவிட்டாள். பிறந்ததிலிருந்து கேட்ட வெடி அவள் காதில் விழுவதே இல்லை. அன்று உப்புத் தண்ணீர் முயல்களின் ரத்தத்திலும் கொழுப்பு அமிலம் ஏறியிருந்தது.

ஊசியை மாற்றிப் போட்டிருப்பாய், அந்த முயல்களை நீக்கிவிட்டு எழுது என்றார் வழிகாட்டி புருஷோத்தமன்.

"வெடிக்குப் பயந்துச்சுங்க சார். நாம போடுற ஹார்மோன, அதுங்க உடம்பே போட்டுக்கிச்சு."

"வெடியப் போய் தீசிஸ்ல எழுதுவியா? சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டும் சார்."

நிரூபிக்காமல் கையெழுத்து இல்லை என்றுவிட்டார். அடுத்த ஜூலையில், ஊசியே போடாமல், வெடிக்கு முன்னும் பின்னும் ரத்தம் எடுத்துக் காட்டுவதாக அவள் சொன்னாள். தேவதாசுக்கு ஒரே குஷி. "நான் வெடிக்கிறேன், நீ ரத்தம் எடு. எவன் சிரிக்கிறான்னு பாக்கலாம்."

பிடித்தாலே முயல் மிரளும். அதனால் தினமும் ஒவ்வொன்றையும் மடியில் வைத்துக் காதைத் தடவிப் பழக்கினாள். வெடியில்லாத நாளில் இருமுறை ரத்தம் எடுத்தாள்; அளவு அசையவில்லை.

தவக்காலத்தில் தேவதாஸ் மாரடைப்பில் போய்விட்டார்.

ஜூலை வந்தபோது, அவருக்கு மரியாதையாக இந்த வருடம் யாரும் வெடி வைப்பதில்லை என்று தெருவில் முடிவு செய்தார்கள். புருஷோத்தமனும் விட்டுவிடச் சொன்னார். அந்த மாதத்தோடு உதவித்தொகையும் முடிகிறது. அடுத்த ஜூலை என்பது அவளுக்கு இல்லை.

பதினான்காம் தேதி காலையில் முதல் ரத்தத்தை எடுத்து வைத்துவிட்டு, கறுப்புப் புடவையோடு வீட்டு வாசலுக்கு வந்து சரத்தை விரித்தாள். அத்தை ஸ்டெல்லாமேரி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பன் செத்து வருசம் திரும்பல. ஊரு என்னாடி சொல்லும்?"

"சொல்லட்டும் அத்தை. அப்பா குடுத்த வாக்கு இது."

பற்றவைத்தாள். ஜன்னல்கள் திறந்தன. புகை அடங்குமுன் கொட்டகைக்குப் போய்விட்டாள். முயல்கள் காதை முதுகோடு ஒட்டவைத்து மூலையில் ஒண்டியிருந்தன. கூப்பிடாமலே மடிக்கு வரும் வெள்ளை முயலும் வரவில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு ரத்தம் எடுக்கும் ஊசியைக் கையில் எடுத்தாள்.

எல்லா முயலுக்கும் ஏறியிருந்தது.

புருஷோத்தமன் கையெழுத்துப் போட்டார். 'ஒலி அதிர்ச்சி' என்று மாற்றி எழுதச் சொன்னார். அவள் சரவெடி என்றே விட்டாள். வாய்மொழித் தேர்வில் அந்த இடம் வந்ததும் தேர்வாளர் ஒருவர் சிரித்தார். சிரித்து முடிக்கும் வரை அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள் ரூபி. பிறகு அடுத்த வரியை வாசித்தாள்.