ஆட்டைக் குடை என்ற கேமரா

படத்தில் இருப்பது என்ன என்று சொல்லும் நியூரல் நெட்வொர்க்கை ஏமாற்றுவது சுலபம். படத்தில் கொஞ்சம் புள்ளிகளை மாற்றினால் போதும், ஒன்றை இன்னொன்று என்று அடித்துச் சொல்லும். அப்படி ஏமாறாமல் அதைப் பழக்குவதுதான் என் ஆராய்ச்சி. திருவாரூர்ப் பக்கம் என்னைக் கட்டிக்கொடுத்த வீட்டில் இதை யாருக்கும் விளக்க முடியவில்லை. அதனால் கணவரின் குறுவை நாற்றங்காலில் அந்த நெட்வொர்க்கோடு இணைத்த ஒரு கேமராவை மாட்டினேன். ஆடு வந்தால் ஹாரன் அடிக்கும்.

பக்கத்து வீட்டு அண்ணனின் ஆடுகள் அலறியடித்து ஓடின. கணவர் முதன்முறையாக என் படிப்பை மெச்சினார். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஏமாற்றும் வித்தையையும் காட்ட ஆசைப்பட்டு, கணினி போட்டுக்கொடுத்த வண்ணக் கிறுக்கல் ஒன்றை அச்சடித்து ஓர் ஆட்டின் முதுகில் கட்டினேன். கேமரா அதைக் குடை என்றது. ஹாரன் அடிக்கவில்லை. ஆடு நிதானமாக நாற்றை மேய்ந்தது.

வரப்பில் நின்று பார்த்த அண்ணன், "தங்கச்சி, இதே மாதிரி இன்னும் நாலு போட்டுக் குடுங்க" என்றார்.

"நீ யாரு கட்சி?" என்று என்னைக் கேட்டார் கணவர்.

கிறுக்கல் கட்டிய ஆடுகளின் படங்களைக் குவித்து, இவையும் ஆடுதான் என்று நெட்வொர்க்கைப் பழக்கினேன். மறுநாள் காலை பெரிய பூப்போட்ட சேலையில் மாமியார் நாற்றங்காலுக்குப் போனார். ஹாரன் அலறியது.

"ஏம்மா, என்னைப் பாத்து ஏன் கத்துது?"

"உங்களை இல்ல அத்தை, சேலையைப் பாத்து..."

"என்னன்னு நெனச்சுக்கிச்சு?"

நான் வாயைத் திறக்குமுன், "ஆடுன்னு" என்று கணவர் போட்டுக்கொடுத்தார்.

மாமியார் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவரோ பீரோவைத் திறந்து, கேமராவை ஒரு கை பார்க்கக் கிளம்பிவிட்டார். கட்டம், கோடு, மாங்காய்க்கரை என ஒவ்வொரு சேலையாகக் கட்டிக்கொண்டு வரப்பில் நடந்தார். முந்தானையால் தலையை மூடினார். ஒருமுறை குனிந்தும் நடந்தார். ஹாரன் அடித்த படங்களையெல்லாம் சேர்த்து, இது மனுஷி என்று மறுபடி பழக்கினேன். ஹாரன் அடங்கியது, ஆட்டுக்கு மட்டும் அடித்தது.

பிறகு சரிபார்ப்பு. ஒரு படத்தைக் குறிப்பிட்ட அளவுக்குள் எப்படி மாற்றினாலும் பதில் மாறாது என்று கணக்கில் நிரூபிக்க வேண்டும். பெரும்பாலான படங்களுக்கு நிரூபணம் கிடைத்தது. சிலவற்றுக்குக் கிடைக்கவில்லை.

"அந்தச் சிலதுல நான் இருக்கேனா?" என்றார் மாமியார்.

தேடிப் பார்த்தேன். இல்லை.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்: "நான் ஆடு இல்லன்னு எங்க மருமவ கணக்குப் போட்டு நிரூபிச்சிட்டா!"