உரக்கம்பெனிப் பலகை

பாபநாசத்திலிருந்து எங்கள் ஊருக்குத் திரும்பும் வளைவில், பேருந்தில் உட்கார்ந்தபடியே பார்க்கிற தூரத்தில் அது நின்றது. இரண்டு இரும்புக் கால்கள்மேல் பச்சைத் தகரம். அதில் மஞ்சள் நெற்கதிர், வெள்ளைச் சட்டை போட்டுச் சிரிக்கும் ஒரு விவசாயி. சட்டையோடு வயலில் இறங்கிய ஆளை எங்கள் பக்கம் நான் பார்த்ததில்லை. படத்தின் கீழே உரக்கம்பெனியின் பெயர். அதற்கும் கீழே 'மாதிரி வயல்' என்று எழுதி, சாகுபடி செய்பவரின் பெயருக்காக ஒரு வெள்ளைப் பட்டை.

அந்தப் பட்டையில் அப்பாவின் பெயர் ஏறியது என்னால்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஜீப்பில் வந்த கம்பெனிக்காரர் இது யார் வயல் என்று கேட்டபோது வரப்பில் நான் மட்டும்தான் இருந்தேன். நாங்கள் குத்தகைக்காரர்கள். பண்ணையாரின் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். உழுததும் நட்டதும் அப்பாதானே என்று அவர் பெயரைச் சொல்லிவிட்டேன்.

பத்து நாள் அந்தப் பெயர் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கஞ்சிக் கலயத்துடன் சுற்றுவழியில் போய் அதைப் பார்த்துவிட்டு வருவார்.

குத்தகைக்காரர் பெயரைப் பதிய வேண்டும் என்று அரசாங்கம் சொல்லியிருந்த காலம். பதிவதற்குள் ஆளை வெளியேற்றிவிடப் பண்ணைகள் அவசரப்பட்டன. பதினோராம் நாள் பண்ணையின் காரியஸ்தர் வந்தார்.

"பலகையில ஏறிட்ட. அடுத்து பட்டாவுல ஏறுவியா?"

"புள்ள தெரியாம சொல்லிட்டானுங்க ஐயா."

"சுரண்டிடு. இல்லேன்னா அடுத்த நடவுக்கு வேற ஆளு."

அப்பா என்னைத் திட்டவில்லை. மாட்டுவண்டி அச்சுக்குப் போடும் கறுப்பு மையை அள்ளிவந்து பட்டை முழுக்க அப்பினார். குத்தகை பறிபோகாமல் தப்பியது. அறுவடைக்குப் பிறகு பலகை எங்கள் மாட்டுக்கொட்டகைக்குத் தடுப்பாக வந்தது. பல வருடம் கழித்து அந்த வயலையே விலைக்கு வாங்கினோம். அப்போதும் மையை யாரும் தொடவில்லை. அப்பா போன பிறகும்தான்.

போன தை மாதம் என் மகள் தொட்டாள். கல்லூரி விடுமுறையில் துருவைத் தேய்த்து எடுத்தாள். விவசாயியின் சட்டைக்கு வெள்ளை பூசினாள். பழைய பச்சை எதுவென்று என்னைக் கேட்டுக் கேட்டு மூன்று முறை கலந்தாள். கடைசியில் டீசல் நனைத்த துணியால் மையைத் துடைத்தாள். அதன் அடியில் துருவே ஏறவில்லை. பலகை முழுவதிலும் கெடாமல் இருந்தது, பெயர் எழுதிய அந்தப் பட்டை ஒன்றுதான்.

"தாத்தா சுரண்டவே இல்லப்பா."

வீட்டு முன்சுவரில், சாலையைப் பார்த்து மாட்டப்போவதாகச் சொன்னாள். கூடத்துக்குள்ளேயே இருக்கட்டும் என்றேன். யாராவது ஏதாவது கேட்பார்கள் என்றேன்.

"யாருப்பா கேப்பாங்க?"

பண்ணை வீடு பூட்டிக் கிடக்கிறது. காரியஸ்தரும் இல்லை. ஆனால் இவள் தினமும் தனியாகப் பேருந்தில் போய்வருகிறவள். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆணியும் சுத்தியலுமாக அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"சரி, மாட்டும்மா," என்றேன். "கை எட்டாத ஒசரத்துல மாட்டு."