சரோஜா அக்கா விட்டுவைத்த வெள்ளை

போன வாரம் மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்யும்போது பழைய இரும்பு ரூலர் காலில் விழுந்தது. வலியோடு சரோஜா அக்கா நினைவும் வந்தது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூமாலைக் கடைக்கு மேல்மாடியில், சனிக்கிழமைதோறும் நீர்வண்ண வகுப்பு நடந்தது. மல்லிகை வாசமும் ஈரத்தாள் வாசமும் கலந்து வரும். புகைப்படத்தைப் பார்த்து வரைய வேண்டும். நான் பத்துமலைப் படம் கொண்டுபோனேன்; தாளில் இறங்கியதென்னவோ உருளைக்கிழங்கு மூட்டை. கட்டட பிளான் வரைவது என் தொழில். கோடு நேராக வரும், என் திறமை அவ்வளவுதான்.

சரோஜா அக்கா பண்டமாரானிலிருந்து வருவார். கொள்கலன் லோரி ஓட்டிய கணவர் இறந்து அப்போது ஒரு வருடம். கேமராவைக் கண்டாலே நழுவிவிடும் மனிதராம். இருந்தது ஒரே ஒரு புகைப்படம். லோரிப் பக்கத்தில், வெயிலில் முறைத்துக்கொண்டு நிற்பார். அவரை வரையத்தான் அக்கா வகுப்பில் சேர்ந்தார்.

முதலில் புகைப்படத்துக்குக் கட்டம் போட்டு, அதே கட்டங்களைத் தாளிலும் போட வேண்டும். படத்தின் மேல் பிளாஸ்டிக் தாளை வைத்து அதில் போடுங்கள் என்று வகுப்பு நடத்திய மிஸ் சொன்னபோது, நான் சன்னல் வழியே மோனோரெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, உங்க கோடு நேரா வருது. எனக்கும் போட்டுக் குடுங்களேன்" என்று சொல்லிவிட்டு அக்கா தண்ணீர் பிடிக்கப் போனார். போட்டேன். அந்த இரும்பு ரூலரை வைத்து, பேனாவால், படத்தின் மேலேயே. ஒரு கோடு கணவரின் வாய்க்குக் குறுக்கே போனது.

திரும்பி வந்த அக்கா பார்த்தார். எனக்கு மாடியிலிருந்து இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது.

"ஸோரிக்கா..."

அக்கா தண்ணீர்க் குவளையை மேசையில் வைத்தார். பிறகு உட்கார்ந்தார். "விடுங்க லா தம்பி. அவரு வாய் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? இருபத்தாறு வருஷம் பாத்த மூஞ்சி."

நீர்வண்ணத்தில் வெள்ளை பூசுவதில்லை. வெள்ளை வேண்டிய இடத்தில் தாளைத் தொடாமல் விட வேண்டும். எங்களில் யாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது. அக்கா ஆறு சனிக்கிழமை வரைந்தார். உதடுகளுக்கு நடுவே மெல்லிசாக ஓரிடத்தை மட்டும் தொடவே இல்லை. மனிதர் சிரித்தார்.

"வீட்டுக்குள்ள வர்றப்ப இப்படித்தான் வருவாரு" என்றார். எப்பேர்ப்பட்ட கை அது! நான் என் ரூலரைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

இப்போது வகுப்பு இல்லை; அந்த மாடியில் கைப்பேசி பழுதுபார்க்கிறார்கள். ரூலர் விழுந்த அன்றே அக்காவுக்குப் போன் செய்தேன். கோடு விழுந்த புகைப்படம் வீட்டுக்குள் வந்த வெள்ளத்தில் போய்விட்டதாம். ஓவியம் உயரத்தில் மாட்டியிருந்ததால் தப்பியது. நான் மறுபடியும் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன்.

"அட போங்க தம்பி. பேரன் அவர பாத்ததே இல்ல. 'தாத்தா ஏன் எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருக்காரு'ன்னு கேக்குறான்."

லோரிப் பக்கத்தில் முறைத்துக்கொண்டு நின்ற அந்த மனிதர் இப்போது எங்கேயும் இல்லை.