குடைத்துணி டவுசர்

ஈரம் சொட்டும் டவுசரைக் கண்ணாயிரம் தையல் மேசைமேல் வைத்ததும், சின்னக்கண்ணு கத்தரியைக் கீழே போட்டார்.

"இன்னாடா இது, டவுசரா ஏரி மதகா? ஊர்த் தண்ணியெல்லாம் கொண்டாந்து என் கடைல ஊத்துற."

"பாக்கெட்டு ரொம்பிப் பூடுதுண்ணே. நீந்தச்சொல்ல ரெண்டு பக்கமும் யாரோ புடிச்சு இழுக்கிறாப்ல இருக்குது."

யாரோ என்றதும் சின்னக்கண்ணு சிரிப்பை நிறுத்திவிட்டார். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில் அவர் கடை. கண்ணாயிரத்துக்கு அவர் தைத்துக் கொடுத்த மூன்றாவது டவுசர் இது.

கரியாலூருக்கு மேலே ஓர் அருவி. குளிக்க வருகிறவர்கள் வழுக்கி விழுவது வழக்கமாகிவிட்டது. அங்கே வண்டி நிறுத்தும் இடத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த பகலவன், அருவி விழும் மடுவைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினான். பாறைமேல் ஓடி வரவேண்டும், அதே வேகத்தில் குதிக்கவேண்டும், ஆளைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் ஓடவேண்டும். நடுவில் வேட்டியை அவிழ்க்கவும் கட்டவும் நேரம் கிடையாது. கண்ணாயிரத்துக்கு அந்த வேலை வேண்டும். அது கிடைக்காவிட்டால் வேறு எதுவும் வேண்டாம் என்பதுபோல் இருந்தான்.

முதலில் பனியன் துணி. ஓட்டத்துக்கு இறகுபோல இருந்தது. ஊர் ஏரியில் இறங்கிப் பார்த்ததும் ஊறிக் கனத்து முழங்காலுக்கு வந்துவிட்டது. எருமை கழுவிக்கொண்டிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்தது பாப்ளின். கரையேறியதும் தொடையோடு ஒட்டிக்கொண்டு காலை அகலமாக வைக்க விடவில்லை. இப்போது காக்கி டிரில். தண்ணீரைச் சுமந்தது போதாதென்று தொடையின் உள்பக்கத்தையும் உரசிப் புண்ணாக்கியிருந்தது.

"தண்ணி குடிக்காத துணி வேணும், ஒட்டாத துணி வேணும்" என்று யோசித்தார் சின்னக்கண்ணு. "குடைத்துணிதான்டா சரி. எங்கனா பழைய குடை இருந்தா எடுத்துக்கினு…"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டார். கண்ணாயிரம் வீட்டில் இருந்த குடையைப் பற்றித் தெரியாதவர் யார்?

போன வருஷம் புரட்டாசி. இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம். புளியமரங்களை வெட்டிச் சாலைக்குக் குறுக்கே போட்டிருந்தார்கள். தூறல் விழுந்த ஒரு மத்தியானம், கண்ணாயிரமும் அவன் அண்ணன் தெய்வசிகாமணியும் கூட்டத்தோடு சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். "போலீஸ் லாரி வருதுடோய்!" என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் சிதறி வயலில் இறங்கி ஓடியது. கண்ணாயிரம் முன்னால் ஓடினான். அண்ணன் பின்னால், மடக்காத குடையோடு. சரசர, சரசர என்று அந்தக் குடைத்துணியின் சத்தம் கூடவே வந்தது. அண்ணன் வருகிறான் என்ற தைரியத்தில் கண்ணாயிரம் ஏரியில் பாய்ந்து அக்கரை போனான். நீந்தும்போதே சத்தம் நின்றிருந்தது. அண்ணன் வேறு பக்கம் போயிருப்பான் என்று நினைத்து, திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட்டான்.

சிகாமணிக்கு நீச்சல் அரைகுறை. வேட்டி காலைச் சுற்றிக்கொண்டது. குடை மட்டும் தலைகீழாக மிதந்து, தூறலில் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. அதை வைத்துத்தான் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். போலீசும் வரவில்லை, யாரும் வரவில்லை. மரத்துக்கு அந்தப்பக்கம் நாள்கணக்காக நின்றிருந்த, மல்லாட்டை மூட்டை ஏற்றிய லாரி ஒன்று இஞ்சினைப் போட்டுப் பார்த்திருக்கிறது. அவ்வளவுதான்.

கடையிலிருந்து கண்ணாயிரம் வீட்டுக்குப் போனான். கதவுக்குப் பின்னால் தொங்கிய குடையைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் அம்மா அம்சவள்ளியே குடையை எடுத்து நீட்டினாள்.

"மழைக்குப் புடிக்கவும் மனசு வரல. வச்சிக்கினு இன்னா பண்றது. எடுத்துக்கினு போ."

சின்னக்கண்ணு கம்பிகளைப் பிரித்தெடுத்து, முக்கோணத் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்தார். பாக்கெட் இல்லை. இடுப்புக்கு நாடா. கால் வீச இரு பக்கமும் சிறு திறப்பு. தொடை உரசாமலிருக்க உள்ளே மெல்லிய மல் துணி.

மறுநாள் விடியலில் ஏரிக்கரையில் அதைப் போட்டுக்கொண்டு ஓடினான். சரசர, சரசர. கண்ணாயிரம் திரும்பிப் பார்த்தான். கரை காலியாக இருந்தது. மறுபடி ஓடினான், மறுபடி திரும்பினான். தண்ணீரில் மட்டும் உடம்பில் எதுவுமே இல்லாததுபோல் இருந்தது.

"சத்தம் வருதுண்ணே" என்றான் கடையில் வந்து.

சின்னக்கண்ணு தையல் மிஷினை நிறுத்தினார். "டிரில்லுலயே பாக்கெட்ட அடைச்சித் தர்றேன். இத தூக்கிப் போட்டுடு."

"வேணாங்கண்ணே. இதே இருக்கட்டும்."

"பயமா இல்ல?"

"இருக்குது. ஆனா கூட வருதில்ல."

அருவியில் ஆள் எடுத்த அன்று நான்கைந்து பேர் வந்திருந்தார்கள். பகலவன் ஆளுக்கொரு மணல் மூட்டையை மடுவுக்குள் தள்ளிவிட்டுக் கை காட்டினான். கண்ணாயிரம் ஓடினான். சத்தம் பின்னாலேயே வந்தது. அவன் திரும்பவில்லை. குதித்து, மூட்டையைத் தோளில் போட்டு, எல்லோருக்கும் முன்னால் கரையேறினான். இன்னும் கொஞ்ச தூரம் ஓடினால் போதும்.

ஓடத் தொடங்கியபோது சத்தமே இல்லை. நனைந்த துணி அடங்கிப்போயிருந்தது.

கண்ணாயிரம் நின்றான். மூட்டையைப் பாறைமேல் கிடத்திவிட்டு மறுபடி மடுவில் குதித்தான். அடியில், கலங்கலில், கைகளை அகல விரித்துத் துழாவினான். மேலே வந்து மூச்சு வாங்கினான். இன்னொரு முறை முங்கினான். அதற்குள் வேறொருவன் மூட்டையோடு ஓடி முடித்திருந்தான்.

"யோவ், இன்னாய்யா வுட்டுட்டு வந்த?" என்று பகலவன் கத்தினான். "கோவணமா?"

எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாயிரம் கரையேறி, தலையைத் துடைத்துக்கொள்ளாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பார்வையைக் கண்டு பகலவனின் சிரிப்பு நின்றது. ஓடி ஜெயித்தவனை வண்டிச் சீட்டுக் கிழிக்க வைத்துக்கொண்டான். மடுவுக்குக் கண்ணாயிரத்தை வைத்தான்.

பல வருஷம் அங்கேயே இருந்தான். டவுசர் நைந்ததும் இன்னொரு பழைய குடையைத் தேடிக்கொண்டு சின்னக்கண்ணுவிடம் இறங்கி வருவான். எத்தனையோ பேரைக் கரைசேர்த்திருக்கிறான். ஒவ்வொரு முறையும், ஆளைக் கரையில் கிடத்தி, அவர் இருமித் தண்ணீரைக் கக்கும் சத்தம் கேட்டபிறகு, மறுபடி மடுவை நோக்கி நடப்பான்.

"அண்ணே, நாங்க எல்லாரும் வந்துட்டோங்க. உள்ள யாரும் இல்லீங்க" என்பார்கள் குளிக்க வந்தவர்கள்.

"சரிங்க. ஒரு தபா பாத்துட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு முங்குவான்.